ஆளுயரச் சொல்

என் வீட்டுக்காரரும் என் அண்ணனும் சேர்ந்து நடத்தும் கண்ணாடிப் பட்டறையில் பேச்சுவார்த்தை நின்று மாதக்கணக்காகிவிட்டது. பெயர்ப்பலகையில் யார் பெயர் முதலில் என்பதுதான் தகராறு. பலகை வெறுமையாகவே தொங்கியது. கண்ணாடியைத் தூக்கும்போது மட்டும் அதன்மேல் விரலால் தட்டிக்கொள்வார்கள்: ஒரு தட்டு என்றால் நில், இரண்டு என்றால் நட.

"இதான் கடைசி வேலை. முடிஞ்சதும் பட்டறையப் பிரிச்சுக்கலாம்னு உன் அண்ணன்கிட்ட சொல்லிடு," என்றார் அவர், அண்ணன் பக்கத்தில் நிற்கும்போதே.

"சரின்னு உன் புருஷன்கிட்ட சொல்லும்மா," என்றான் அண்ணன்.

நடுவில் நான், தபால்காரி.

அந்தக் கடைசி வேலை, ஓர் அலுவலகக் கூடத்துக்கு ஆளுயரக் கண்ணாடி. 'ஒத்துழைப்பு' என்று பெரிதாகப் பொறித்து, கீழே அதன் பிறப்பு வளர்ப்பையும் எழுதியிருந்தோம்: ஒத்து என்றால் இசைந்து, மனம் ஒன்றி, அதோடு உழைப்பு சேர்ந்தது. அதற்கும் கீழே, 'கண்டு சொன்னவர்: இயக்குநர்.'

அந்த அலுவலகத்தின் துணை இயக்குநர் என் காதோரம் வந்தார். "அகராதியப் புரட்டினது நான்மா. அவர் கொட்டாவிதான் விட்டார்."

திறப்பு விழாவன்று, போட்டோவுக்காக, கண்ணாடியைத் தாங்களே தூக்கி வைப்பதாக இயக்குநரும் துணை இயக்குநரும் வந்து நின்றார்கள்.

"பாரம் சார், வேணாம்," என்றார் வீட்டுக்காரர்.

"ஒத்துழைப்பப் பத்தி எங்களுக்கே பாடமா?" என்று சிரித்தார் இயக்குநர்.

கேமரா நிமிர்ந்ததும் அவர் முகத்தை முன்னால் நீட்டினார். தன்னை மறைக்கிறாரே என்று துணை இயக்குநர் தன் முனையை வெடுக்கென்று இழுத்தார். கண்ணாடி சாய்ந்தது.

தட்டிச் சொல்ல, கண்ணாடி வீட்டுக்காரர் கையிலும் இல்லை, அண்ணன் கையிலும் இல்லை.

"மச்சான், அடியப் புடி!" என்று கத்திக்கொண்டே அண்ணன் பாய்ந்தான்.

"புடிச்சுட்டேன் மச்சான், நீ மேல தாங்கு!"

ஒரு கீறல் இல்லாமல் அது சுவரேறியது. 'ரெண்டு பேரும் எங்க வீட்டு ஆளுங்க' என்று கூடம் அதிரக் கூவத் தோன்றியது எனக்கு. அலுவலகப் பெரியவர்கள் இருவரும் சட்டையை நீவிவிட்டுக்கொண்டு, அதன் முன் தோளோடு தோள் நின்று படமெடுத்துக்கொண்டார்கள்.

திரும்பும்போது வண்டியில் ஒரே இரைச்சல்.

"நான் கத்தலேன்னா போயிருக்கும்."

"கத்தினா கண்ணாடி நிக்குமா? புடிச்சது நான்."

"சரிப்பா, போர்டுல உன் பேரையே முன்னாடி போட்டுத் தொலை."

"உன் தயவு யாருக்கு வேணும்? உன் பேரையே போடு!"

நடுவில் நான் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன். தபால்காரிக்கு அன்றோடு வேலை போயிற்று.