சாம்பிராணியில் மயங்கிய புலிமுகச் சிலந்தி

சண்டிலிப்பாய் சனசமூக நிலையத்தில் வெள்ளிக்கிழமை எது நடந்தாலும் முதலில் சாம்பிராணி பிடித்தாக வேண்டும். கூட்டித் துடைக்கும் நாகேஸ்வரி அன்றும் சிரட்டைத் தணலில் போட்டாள். படித்த பிள்ளை வருகிறாளே என்று ஒரு பிடி கூடவே போட்டாள். அறையை இருட்டாக்கச் சொல்லியிருந்ததால் யன்னல்கள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. மேசையில் இருந்த இரண்டு பெட்டிகளின் மூடிகளிலும் காற்றோட்டத்துக்குத் துளைகள் இருந்ததை அவள் கவனிக்கவில்லை.

பெட்டிகளை வைத்துவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டிவரப் போயிருந்தவள் இணுவில் நிரோஜா. விலங்கியல் படித்தவள். தோட்டக் கொட்டிலில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்த இருந்த புலிமுகச் சிலந்தியைப் போத்தலில் ஏந்தி எடுத்து வளர்ப்பவள். புகையிலைத் தோட்டத்துக்குள் குனிந்து வேலை செய்பவனுக்குக் கடி என்றால் அன்றைய வேலை போச்சு. அதனால் கண்டவுடன் கொளுத்துவார்கள். பிள்ளைகளும் அதைப் பழகிவிட்டார்கள். அந்தப் பழக்கத்தை மாற்ற நிலையத் தலைவர் அருளம்பலம் அவளுக்குக் கொடுத்தது ஒரே ஒரு காலைப்பொழுது. பிள்ளைகள் பயந்து குழறி அழுதால் இனி இந்தப் பக்கம் வரக்கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

பிள்ளைகள் வந்ததும், முதல் பெட்டியில் இருந்த நட்டுவக்காலி அவளைக் காப்பாற்றியது. இருட்டில் ஊதா வெளிச்சம் தரும் ரோச் லைற்றை அடித்ததும் அந்தக் கருந்தேள் பச்சையாய் ஒளிர்ந்தது. முன்பொருநாள் தேளிடம் காலில் கொட்டு வாங்கிய சிவகரன்தான் மூக்கு முட்டக் குனிந்து பார்த்தான்.

"உவனுக்குச் சொந்தக்காரரைக் கண்ட சந்தோசம்," என்றாள் கோபிகா. எல்லாரும் சிரித்தார்கள்.

அடுத்த பெட்டியைத் திறந்தபோது சிரிப்பு நின்றது. விரித்தால் உள்ளங்கையை மூடும் சிலந்தி கால்களை உள்ளே மடக்கிச் சுருண்டு கிடந்தது.

நிரோஜா அப்போதுதான் அறையில் நிறைந்திருந்த புகையை மோந்து பார்த்தாள். வாசலில் தூபக்காலோடு நின்ற நாகேஸ்வரியின் முகம் வெளிறியது. நிரோஜா ஏசவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேப்பமர நிழலுக்குப் போனாள். ஈரப் பஞ்சைச் சிலந்தியின் வாயருகே வைத்தாள். கையை வைக்க வேண்டாம், காற்றை மறிக்க வேண்டாம் என்று மட்டும் பிள்ளைகளிடம் சொன்னாள். அவர்கள் தள்ளித் தள்ளி வட்டமாக இருந்தார்கள். வீட்டில் இதைக் கொளுத்துகிற பிள்ளைகள் இது பிழைக்க வேண்டுமென்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெகுநேரத்துக்குப் பிறகு முன்கால் ஒன்று நீண்டது. பிறகு மற்றது. அடியில் இருந்த மஞ்சள் தெரிந்தது. சாம்பல் முதுகில் யாரோ உட்கார்ந்து பொறுமையாகக் கீறியது போன்ற கோலம். கொளுத்துகிறவன் அதை எங்கே பார்த்தான்?

அந்த நேரம் பார்த்து அருளம்பலம் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். என்ன சங்கதி என்று சத்தமாகக் கேட்டார்.

"மெல்லக் கதையுங்கோ பெரியப்பா," என்றான் சிவகரன். "அது இப்பதான் எழும்புது."

"கடிக்குமோ?"

"கை வைச்சால் கடிக்கும். நாங்கள் வைக்கேல்லை."

அருளம்பலம் சைக்கிளை மரத்தில் சாத்திவிட்டுக் குந்தினார். பெட்டிக்குள் கிடந்த மரப்பட்டைத் துண்டில் சிலந்தி ஏறும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கடை கொட்டில் கூரையிலையும் ஒண்டு கிடக்குது, பிள்ளை," என்றார் கடைசியில் நிரோஜாவிடம். "நாளைக்குக் கொளுத்துறதெண்டு இருந்தனான். நீர் வந்து பிடியும். உந்தப் பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வாரும்."