மாமாவின் ஸ்பூனை ஒட்டிய கதை

மாமனாரின் ஸ்பூனை உடைத்தவன் நான்தான். கைதவறி விழுந்தது என்றெல்லாம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கழுவிக் கவிழ்த்திருந்த ஸ்பூனின் காம்பு கோணலாக இருந்தது. கோணலாக எதைப் பார்த்தாலும் என் கை சும்மா இருக்காது. நிமிர்த்தினேன். பட்டென்று இரண்டாகிவிட்டது.

அது வேண்டுமென்றே வளைத்த கோணல். மாமாவுக்கு வலது பக்கம் செயலிழந்து ஒரு வருடம் ஆகிறது. இடது கைக்குத் தோதாக, மேசை விளிம்பில் அழுத்தி அழுத்தி, மாதக்கணக்கில் அவரே வளைத்துக்கொண்டது. நான் புதிதாக நாலு ஸ்பூன் வாங்கி அதே மாதிரி வளைத்துக் கொடுத்தேன். நாலும் அவர் விரல்களுக்குள் நிற்காமல் சுற்றின. அன்று மதியத்திலிருந்து என் மனைவி ஊட்டிவிட்டாள். மாமா சுவரைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறந்தார். எனக்கு அங்கே நிற்கவே வெட்கமாக இருந்தது.

நான் டிவி மெக்கானிக். இருபத்திரண்டு வருடமாக சால்டரிங் அயர்னோடு குடித்தனம். ஒரு ஸ்பூன் எனக்கு எம்மாத்திரம்? அடியில் மெல்லிய எவர்சில்வர் துண்டு ஒன்றை முட்டுக் கொடுத்து, காரீயம் கலக்காத ஈயக் கம்பியை எடுத்து, டிவிக்குப் போடும் அதே ரோசின் பிசினைத் தடவினேன். ஈயம் ஒட்டாமல் உருண்டு உருண்டு ஓடியது. விடுவேனா? சூட்டை ஏற்றினேன். ஒருவழியாக உட்கார்ந்தது. பார்க்க நகை மாதிரி இருந்தது.

மறுநாள் காலை இரண்டாவது வாய்க்கு ஸ்பூனின் தலை தட்டில் விழுந்தது. மாமா வெறும் காம்பைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

இனி சகலையிடம்தான் போக வேண்டும். என் மனைவியின் அக்கா வீட்டுக்காரர், ஃபிரிட்ஜ் மெக்கானிக். இருவருக்கும் ஒரே கடை, நடுவில் பலகைத் தடுப்பு. அவருடைய ஆசிட் புகையில் என் போர்டுகள் பச்சை பூத்ததால் போட்ட தடுப்பு. "ஆசிட் போட்டு ஒட்டுறவன்லாம் ஒரு மெக்கானிக்கா?" என்று நான் ஊர் கேட்கச் சொன்னது அவருக்கு மனப்பாடம்.

"சகலை, கொஞ்சம் ஆசிட் வேணும்."

"யாருக்கு?"

"மாமாவுக்கு."

அவர் ஸ்பானரைக் கீழே வைத்தார். "பேசித் தீத்துக்கலாமே."

விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பார் என்று பார்த்தால், கதவைத் திறந்து வைத்துவிட்டுக் கையுறையை மாட்டினார்.

"எவர்சில்வர் மேல கண்ணுக்குத் தெரியாத தோல் ஒண்ணு இருக்கு. உரசி எடுத்தாலும் உடனே வளந்துடும். உங்க ரோசினுக்கெல்லாம் அது மசியாது. உரசின சூட்டோட ஆசிட் வைக்கணும். நடுவுல விரல் வச்சுத் தடவிப் பாக்காதீங்க."

தடவிப் பார்த்துக்கொண்டிருந்த விரலை எடுத்துவிட்டு மறுபடி உரசினேன். தனித்தனியாக ஒவ்வொரு துண்டிலும் ஈயம் பூசச் சொன்னார். மிதமான சூட்டில் அது தண்ணீர் போலப் பரவியது. பிறகு பழைய கோணலிலேயே சேர்த்து வைத்துச் சூடு காட்டினோம். சத்தமில்லாமல் ஒட்டிக்கொண்டது. எனக்கு எரிச்சலாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

ஆறியதும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டேன்.

"கழுவலையா?"

"எங்க தொழில்ல கழுவ மாட்டோம்."

"அதை வாய்ல வச்சுத் திங்கப் போறாரு, சகலை."

சட்டைப்பையிலிருந்து ஸ்பூனை வெளியே எடுத்தேன். சோடா மாவு போட்டு மூன்று முறை கழுவினேன். நாலாவது முறை அவர் கழுவினார். பிறகு ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தோம். ஸ்பூன் அசையவில்லை.

மதியம் மாமா ஸ்பூனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதல் வாய் பாதி சட்டையில் சிந்தியது. என் மனைவி துணியோடு குனிந்தாள். அவர் முறைத்த முறைப்பில் நிமிர்ந்துவிட்டாள். பத்து வாய், இருபது வாய். நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன், கண் கலங்கியிருந்தது. ஊட்டியபோது எதைக் கொடுத்தாலும் ஒரு வார்த்தை பேசாமல் விழுங்கியவர், பாதித் தட்டில் ஸ்பூனை நிறுத்தினார்.

"உப்பே இல்ல. யார் சமைச்சது?"

என் மனைவி உப்புக்கு ஓடினாள். அடுப்படியில் அவள் வாய்விட்டு அழுவது கேட்டது. மாமா ஸ்பூனை நீட்டியபடி காத்திருந்தார்.