தலைக்கு மட்டும் ரத்தம்

தோக்தோசுனுக்கு இருந்தது சாதாரணப் பிடிவாதமில்லை. நாரின் மலையில் குளிர் தட்டியதும் மேய்ச்சலுக்கு வந்திருந்த எல்லோரும் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு கீழே இறங்கியாயிற்று. புல் இன்னும் மிச்சமிருக்கிறதே என்று இவர் மட்டும் பெண்டாட்டி கலிப்பாவோடு மேலேயே உட்கார்ந்துகொண்டார். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஓர் ஆள் கிடையாது. அந்த நேரம் பார்த்துத்தானா குதிரைப்பால் கறக்கக் கட்டிய பெட்டைக் குதிரை அவர் இடது விலாவில் உதைக்க வேண்டும்?

வெளியே ஒரு சொட்டு ரத்தமில்லை. தானே நடந்து வந்து படுத்துக்கொண்டவர், குதிரைக்குக்கூட என்னிடம் பயம் விட்டுப்போயிற்று, எல்லாம் உன்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான் என்று பெண்டாட்டியைக் கிண்டல் வேறு செய்தார். கலிப்பாவுக்கும் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கேட்டார். கொடுத்தாள். மறுபடியும் கேட்டார். கையைத் தொட்டால் சில்லிட்டு வேர்த்துக் கிடந்தது. உதடு வெளுத்துவிட்டது. நாடி தறிகெட்டு ஓடி விரலுக்கு அகப்படாமல் நழுவியது. பேச்சு மட்டும் கணீரென்று இருந்தது.

போனில் பேசச் சிக்னல் வேண்டுமானால் குதிரையேறிக் கணவாய் வரை போக வேண்டும்.

"போவாத கிழவி. கிட்ட வந்து உக்காரு, அது போதும்."

கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷர் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. அவளுக்குப் போக மனசே இல்லை. ஆனால் உட்கார்ந்திருந்தால் கண்ணெதிரே செத்துப்போவார், போனால் ஒருவேளை பிழைப்பார். பாவம், வேறென்ன செய்வாள்? இதோ வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

சாயங்காலம், போன் போட்டு வரவழைத்த டாக்டர் ஜில்திஸை அழைத்துக்கொண்டு திரும்பினபோது உயிர் போயிருந்தது. வயிறு உப்பிக் கிடந்தது. மண்ணீரல் கிழிந்து உள்ளுக்குள்ளேயே ரத்தம் கொட்டியிருக்கும் என்றாள் டாக்டர். சின்னப் பெண்தான், ஆனால் நல்ல மனசு.

தான் கிளம்பினதுமே அவருக்கு நினைவு தப்பியிருக்கும், தனியாகக் கிடந்தது தெரியாமலே போய்ச் சேர்ந்திருப்பார். கலிப்பா வழியெல்லாம் பிடித்துக்கொண்டு வந்தது இந்த ஒரு நினைப்பைத்தான். அவ்வளவு தெளிவாகப் பேசினாரே, அப்புறம் எப்படிப் போய்விட்டார் என்று மெல்லக் கேட்டாள்.

ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் டாக்டர் சொன்னாள். "அப்படித்தாம்மா இருக்கும். ரத்தம் கொறஞ்சா ஒடம்பு கை, காலு, குடலு, சிறுநீரகம்னு எல்லாத்தையும் பட்டினி போட்டுரும். இருக்கிறத இதயத்துக்கும் தலைக்கும்தான் அனுப்பும். குழம்பித் தவிச்சிருக்க மாட்டார். கடைசிக் கொஞ்ச நேரம் வரைக்கும் தெளிவாத்தான் இருந்திருப்பார்."

கலிப்பா குனிந்து கணவரின் முகத்தைத் துடைத்தாள்.

"அப்ப நான் பக்கத்துல இல்லேன்னு அவருக்குத் தெரிஞ்சுக்கிட்டே இருந்திருக்கும்."

எல்லோருக்கும் அப்படியில்லை, சிலருக்கு முன்னாலேயே மயக்கம் வந்துவிடும் என்று டாக்டர் தட்டுத்தடுமாறி ஏதோ சொல்லப் பார்த்தாள்.

"விடும்மா," என்றாள் கலிப்பா. "மொதல்ல சொன்னதுதான் நெசம்."