மச்சான் கடை எழுத்துரு

1

இந்தக் கதை என் கற்பனையில் பிறந்ததில்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில், 2007 நவம்பரில் ஒரு மழைநாள் காலை, மூன்று முறை கரண்ட் போய்ப் போய் வந்தது. நான்காவது முறை கரண்ட் வந்தது, என் கம்ப்யூட்டர் வரவில்லை. அங்கே பிறந்தது.

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: 'மனிதன் இயந்திரத்தைப் படைத்தான். பின்னர் இயந்திரம் மனிதனைப்...'

எட்டிப் பார்த்த என் மனைவி இளமதி, "இதுக்குத்தான் காலையிலேர்ந்து தண்ணி மோட்டர்கூட போடாம ஒக்காந்திருக்கீங்களா?" என்றாள். அந்த வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டு மோட்டர் போடப் போனேன். அது இனி முடியாது.

2

செத்த கம்ப்யூட்டருக்குள் ஒரு கதை இருந்தது. (நீங்கள் படிப்பது அல்ல, அது வேறு.) அதன் நாயகன் சிதம்பரத்தில் கல்யாணப் பத்திரிகை அடிப்பவன். எதையாவது விட்டுவிட்டு, கேட்டால் நெளிகிற கோமாளி. 'முழுக்கக் கற்பனை' என்று மேலே போட்டிருந்தேன். சிதம்பரம் தெற்கு வீதியில் டிடிபி கடை வைத்திருக்கும் என் மச்சான் பாலகுமாரை, அதாவது இளமதியின் தம்பியை, ஒருமுறை பார்த்தவர்கூட அதை நம்பமாட்டார்.

என் கோபத்துக்குக் காரணம் உண்டு. எங்கள் புதுமனை புகுவிழா அழைப்பிதழை அவன்தான் அடித்தான். அழைப்பவர்கள் பட்டியலில் பெண்ணாடம் சித்தப்பா சடையப்பன் பெயர் இல்லை. சித்தப்பா வரவில்லை. பந்தியில் அத்தனை பேர் முன்னால் பாலகுமாரைப் பிடித்துக் கத்தினேன். அவன் இலையை மூடிவிட்டு எழுந்து போனான். எட்டு மாதமாகப் பேச்சு இல்லை.

இதற்கிடையில் எங்கள் மகள் அனுப்பிரியாவுக்குக் காது குத்தும் வயது வந்துவிட்டது. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். "எந்தம்பி மடி இல்லன்னா காதுகுத்தே இல்ல. நீங்க போய்ப் பேசுங்க" என்று சொல்லிவிட்டாள் இளமதி. நான் போய்ப் பேசவில்லை. கதை எழுதினேன். நேரில் பேசத் தைரியம் இல்லாதவனுக்கு இலக்கியம் பெரிய வசதி.

3

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது. பேக்கப் எடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். எடுத்தேன், சிடியில். ஆயுத பூஜையன்று கீபோர்டு, மவுஸ் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தபோது சிடியை மட்டும் விட்டுவிட மனம் வரவில்லை. பளபளக்கும் பக்கம்தான் அதன் முகம் என்று நினைத்து, அதில் சுற்றிலும் நான்கு பொட்டு வைத்தேன். பிறகு, காய்ந்த சந்தனத்தைப் பாத்திரம் தேய்க்கும் நாரால் நன்றாகத் தேய்த்துக் கழுவினேன். சிடி இப்போது சுத்தமாக இருக்கிறது. உள்ளேயும் ஒன்றுமில்லை.)

கம்ப்யூட்டரைச் சரிசெய்த தேவசகாயம் நான்கு நாள் போராடி என் கோப்பை மீட்டுவிட்டார். திறந்தால், கொம்பும் வாலும் முளைத்த ஆங்கில எழுத்துகள் வரிசை வரிசையாக நின்றன.

"ஃபைல் வந்துடுச்சு சார். ஃபாண்ட்தான் போயிடுச்சு. எந்த ஃபாண்ட்ல அடிச்சீங்க?"

தெரியாது. மூன்று வருஷமாக சுவிட்சைப் போட்டேன், தமிழ் வந்தது. குழாயைத் திறப்பவன் ஏரியின் பெயரைக் கேட்டுவைத்துக்கொள்கிறானா?

"யாரு போட்டுக் குடுத்தாங்களோ அவுங்ககிட்டயே போங்க சார்."

போட்டுக் கொடுத்தவன் பாலகுமார். அவனைக் கிண்டல் செய்த கதையைப் படிக்கக்கூடிய ஒரே கம்ப்யூட்டர் அவன் கடையில் இருந்தது.

4

இந்த இடத்தில் 'நான்' என்கிற பாத்திரம் பேருந்தில் போகும்போதே மனம் திருந்துவதாக ஒரு பத்தி எழுதினேன். கோடு போட்டு அடித்துவிட்டேன். உண்மையில் புதுச்சத்திரம் வரை தூங்கினேன். அதன்பிறகு, அவனைப் படிக்கவிடாமல் கோப்பைத் திறக்கவைப்பது எப்படி என்று யோசித்தேன்.

"வாங்க மாமா" என்றான் பாலகுமார். பென்டிரைவை நீட்டினேன்.

"தமிழ் வருதான்னு மட்டும் பாரு மச்சான். படிக்காத."

"படிக்காம தமிழ் வருதான்னு எப்படி மாமா பாக்கறது?"

படித்தான். முதல் பக்கத்தில் சிரித்தான். இரண்டாம் பக்கத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்தேன். வாடிக்கையாளர்கள் எழுதிக்கொடுத்த தாள்களை மாதவாரியாகக் கம்பியில் குத்தி வைத்திருந்தான். கம்ப்யூட்டரை வைத்துப் பிழைக்கிறவனுக்கு அதன் மேல் அவ்வளவு நம்பிக்கை. மார்ச் மாதக் கம்பியில் என் கையெழுத்து தெரிந்தது. புதுமனை புகுவிழா, அழைப்பவர்கள், பன்னிரண்டு பெயர்.

சித்தப்பா பெயர் அதில் இல்லை. நான்தான் எழுதவில்லை.

அவன் திரும்பினான். நான் எதைப் பார்க்கிறேன் என்று பார்த்தான்.

"அன்னிக்கே இதக் காட்டியிருக்கலாமே?" என்றேன்.

"பந்தியில அத்தன பேரு முன்னாடி எப்படிக் காட்டறது மாமா? அக்கா வீட்டு விசேஷம்."

பிறகு திரைப்பக்கம் திரும்பிக்கொண்டு, "கத நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த ஆளு ரொம்ப நெளியறான். நான் அவ்ளோ நெளிய மாட்டேன்" என்றான். எழுத்துருவையும் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தான்.

ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். "வரேன்" என்று சொல்லிவிட்டுப் பேருந்து ஏறிவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

5

பழைய கதையை அழித்துவிட்டேன். இம்முறை கரண்டின் உதவி தேவைப்படவில்லை.

இந்தக் கதைக்கு இரண்டு முடிவு எழுதிப் பார்த்தேன். முதலாவதில் நான் ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டு அழுகிறேன். "நீங்களா?" என்றாள் இளமதி. அடித்தாயிற்று. இரண்டாவதில் சித்தப்பா வந்து சமாதானம் செய்துவைக்கிறார். அவர் இன்னும் கோபத்தில் இருக்கிறார், ஒத்துக்கொள்ளமாட்டார். அதுவும் போயிற்று.

கம்ப்யூட்டர் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனாலும் இதைத் தாளில் எழுதுகிறேன். பேனாவில் அன்டூ இல்லாததால்தான் இத்தனை அடித்தல் திருத்தல். எழுதி, பாலகுமாரின் கடைக்கே தட்டச்சுக்கு அனுப்பப்போகிறேன். ஆகவே, மன்னிக்கவும், இதன் முதல் வாசகர் நீங்கள் இல்லை.

மச்சான், அடிக்கிறத நிறுத்திட்டு இதப் படி. பேர விட்டது நான். ஒன்னப் பிடிச்சுக் கத்துனது அதவிடப் பெரிய தப்பு. அக்காகிட்ட சொல்லிட்டேன், சித்தப்பாவுக்கும் போன் போட்டு சொல்லிட்டேன். மன்னிச்சுக்கோ. தை மாசம் காதுகுத்து வைக்கலாம்னு இருக்கோம். ஒம்மடியிலதான் எம்பொண்ணு ஒக்காரணும். எந்த நாள்ன்னு நீ சொல்லு. கீழ எடம் விட்டிருக்கேன், நீயே அடிச்சுக்கோ. அதுதான் இந்தக் கதையோட முடிவு.

அனுப்பிரியாவின் காதணி விழா நாள்: ..................

(மாமா, நாள அக்காகிட்ட போன்ல சொல்லிட்டேன். இங்க அடிக்க மாட்டேன். அப்புறம் எதையாவது விட்டுட்டேன்னு கத்துவீங்க. — பா.)