கிழக்கு வீட்டுப் பெட்டி

…ஏழு ஆதார் நம்பர், அதுவும் நாலு மணிக்குள், இல்லையென்றால் செவ்வாய்க்கிழமைக் கப்பலில் பிடித்து வைத்திருக்கிற இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் மேடம் என்கிறான் இந்த மாரிராஜ், போர்ட் பிளேரில் உட்கார்ந்து டிராவல்ஸ் நடத்துகிறவன், பூர்வீகம் நம்ம ஓட்டப்பிடாரம் பக்கமாம், அதைச் சொல்லிச் சொல்லியே மூன்று வாரமாக என் உயிரை வாங்குகிறான், நம்ம ஊர்க்காரவியளுக்குப் பண்ணாம யாருக்கு மேடம் பண்ணப் போறேன்… நம்ம ஊர்க்காரன் என்றால் ஆதார் வேண்டும் என்று முதல் நாளே சொல்ல வேண்டியதுதானே, இன்றைக்கு ராத்திரி ஒன்பது மணிக்குக் கோவில்பட்டியில் ரயில் ஏறப்போகிறோம், மத்தியானம் இரண்டேகால் மணிக்கு போன் போட்டுச் சொல்கிறான். சரி என்று வைத்தேன். எனக்குக் கோபம் வந்தால் சரி என்றுதான் சொல்வேன், பள்ளிக்கூடத்தில் பதினெட்டு வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்ததில் வந்த பழக்கம் அது, சில பிள்ளைகள் எத்தனை தரம் சொன்னாலும் அதே தப்பைத்தான் போட்டுக்கொண்டு வரும், அந்த நோட்டில் நான் திருத்த மாட்டேன், பேசாமல் சரி என்று ஒரு டிக் போட்டுக் கொடுத்துவிடுவேன், இதற்கு மேல் இதற்குச் சொல்லி என்ன ஆகப்போகிறது… என் வீட்டிலும் பாதிப் பேருக்கு அந்த டிக்தான். இந்தப் பயணத்துக்காக நான் கட்டம் போட்டு எழுதிய நோட்டைப் பார்த்தால் தெரியும், ஞாயிறு சென்னையில் தங்கல், திங்கள் காலை அந்தமானுக்கு விமானம், சாயங்காலம் ஜெயிலில் ஒளி ஒலிக் காட்சி, செவ்வாய் கப்பலில் ஹேவ்லாக் தீவு, கடலைப் பார்த்த மாதிரி மூன்று ரூம், புதன் காலை கண்ணாடிப் படகு, சுற்றிப் பார்க்க எட்டுப் பேர் உட்காருகிற வண்டி, எல்லாம் நான் போட்டது, இந்தக் கும்பலில் ஒருத்தருக்காவது ஹேவ்லாக் கிழக்கே இருக்கிறதா மேற்கே இருக்கிறதா என்று தெரியுமா? தீவில் டவுன் பஸ் உண்டா என்று கேட்ட மனுஷன் நாத்தனார் புருஷன் மணிராஜ். நாத்தனார் செல்வமாரி இரண்டு கிலோ கடலைமிட்டாய் கட்டி வைத்திருக்கிறாள், அங்கே ஒன்றும் கிடைக்காவிட்டால் சாப்பிடவாம். என் வீட்டுக்காரர் ஜெயபாண்டி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், வென்னீர் வருமா.

அத்தைக்கு, இவருடைய அம்மாவுக்கு மட்டும் திசை நன்றாகத் தெரியும், அதுதான் வினை. திங்கட்கிழமை கிழக்கே சூலம், திங்களும் சனியும் கிழக்குப் பக்கம் கிளம்பக் கூடாது, அந்தமான் கிழக்கே இருக்கு, டிக்கெட்டை மாத்து என்று ஒற்றைக்காலில் நின்றார். மாற்ற முடியாது அத்தை என்றேன். அப்படீன்னா பரஸ்தானம் வைப்போம் என்றார். நல்ல நாளில் நல்ல நேரத்தில் பயணப் பெட்டியைப் போகிற திசையில் இருக்கிற ஒரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் அன்றைக்கே தொடங்கிவிட்டதாகக் கணக்காம், அப்புறம் சூலம் ஒன்றும் செய்யாதாம், ஆனால் வைத்த பெட்டி வீட்டுக்குத் திரும்பி வரக் கூடாது, ராத்திரி ரயிலுக்குப் போகும்போது அந்த வீட்டுக்குப் போய் அப்படியே எடுத்துக்கொண்டு போக வேண்டும், ரயிலடி ஒரு பக்கம், அந்த வீடு இன்னொரு பக்கம், கேட்டால் சாஸ்திரம். சரி என்றேன். டிக். பெட்டிக்குள் போகிற ஆள் ஒவ்வொருவருடைய பொருளும் ஒன்று இருக்க வேண்டுமாம், அத்தை ஆளுக்கொரு துணியை எடுத்து வைத்துக்கொண்டிருக்க, எங்கள் வீட்டு மேதாவி, உரக்கடையில் மூட்டை எண்ணுகிற மூளை, துணி எதுக்கும்மா, ஆதார் கார்டை வை, ஆளே அதுதான என்று சொல்லியிருக்கிறார். அத்தைக்குப் பூரிப்பு தாங்கவில்லை. நாத்தனார் வீட்டு மூன்று கார்டையும் தொலைத்துவிடுவார்கள் என்று முன்னாலேயே வாங்கி வைத்திருந்தாரா, எங்கள் வீட்டு நாலையும் சேர்த்து மஞ்சள் துணியில் முடிந்து, பெட்டியில் வைத்துப் பூட்டி, வியாழக்கிழமை காலை ஒன்பதுக்குள் அம்மாவும் மகனும் காரில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள், நான் பள்ளிக்கூடத்தில் அரையாண்டுப் பரீட்சைக்குக் காவல் நின்றுகொண்டிருந்தேன். இப்போது என்னுடைய கார்டும் மகள் ப்ரியதர்ஷினியுடையதும் மட்டும் போனில் படமாக இருக்கிறது, மற்ற ஐந்து ஆளும் அந்தமானுக்கு ஏற்கெனவே பயணம் போய்விட்டார்கள், எட்டயபுரம் ரோட்டில் மூன்றாவது கிலோமீட்டர் வரைக்கும்.

மதினிக்கு போன் போட்டு நம்பரை வாசிக்கச் சொல்ல வேண்டியதுதான என்றார் இவர் கடையிலிருந்து. பூட்டு நம்பர் பூட்டு, அவியளுக்குத் திறக்கத் தெரியாது என்றேன். அப்ப நான் போயிட்டு வாரேன் என்றார். வேண்டாம், கடையை விட்டுட்டு நீங்க எதுக்கு, நானே போறேன் என்று அவசரமாகச் சொல்லிவிட்டேன், சொன்ன வேகம் எனக்கே நன்றாக இல்லை. பெட்டி இருக்கிற வீடு ராமலட்சுமி அக்கா வீடு, இவருடைய அண்ணன் மனைவி, அண்ணன் தங்கப்பாண்டி இறந்து ஆறு வருஷம் ஆகிறது, கிழக்க நமக்குன்னு இருக்கது பெரியவ வீடு ஒண்ணுதான என்று அத்தை அங்கேதான் வைத்திருக்கிறார். ஊரில் வேறு கிழக்கே இல்லையா? மூன்று வாரத்துக்கு முன்னால் இதே கூடத்தில் வைத்து அத்தைதான் ஆரம்பித்தார், வண்டி எட்டுப் பேருக்குத்தானே, பெரியவளையும் கூட்டிட்டுப் போவோம், பாவம் அவ எங்க போயிருக்கா என்று. ஆமா, மதினி வந்தா நல்லாருக்கும் என்றார் இவர், வென்னீரைத் தவிர வேறொன்றுக்கும் வாய் திறக்காதவர். நானே போய்க் கேட்டுட்டு வாரேன் என்றேன். போகவில்லை. இரண்டு நாள் கழித்து, கேட்டேன், வரலைன்னுட்டாவ, எவ்வளவோ கூப்பிட்டேன் என்று சொன்னேன். சொல்லும்போது நாக்குத் தடுமாறவே இல்லை. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள், என்னுடையது மூன்று வாரம் தாங்கிவிட்டது, வியாழக்கிழமை பெட்டி வைக்கப் போனதில்தான் அது உடைந்திருக்க வேண்டும், இவர்கள் இரண்டு பேரும் அவளோடு அரை மணி நேரம் இருந்திருக்கிறார்கள், ஏன் வரமாட்டேன்னுட்டீங்க என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்களா? வந்து ஒன்றும் சொல்லவில்லை. இவர் முகத்தைப் பார்த்தேன், அதில் எப்போதும் போல ஒன்றும் எழுதியிருக்கவில்லை. தெரிந்துகொண்டு பேசாமல் இருக்கிறாரா, தீவுக்குப் போய் எல்லோர் முன்னாலும் கேட்கப் போகிறாரா, ப்ரியா முன்னால் வைத்தா… இருபது வருஷம் குடும்பம் நடத்தியும் இந்த மனுஷனுக்கு என்ன தெரியும் என்ன தெரியாது என்று எனக்குத் தெரியவில்லை.

கிளம்பும்போது அத்தை டம்ளரோடு வந்து நிற்கிறார், சனிக்கிழமை, கிழக்கே சூலம், அதுக்குப் பரிகாரம் தயிர், ஒரு வாய் குடிச்சிட்டுப் போகணும்ட்டி. குடித்தேன். தயிரைக் குடித்துவிட்டு ஸ்கூட்டி ஓட்டுகிற கணக்கு டீச்சர், என் பிள்ளைகள் பார்த்தால் என்ன நினைப்பார்கள்… ஏன் கேட்கவில்லை நான்? அவள் விதவை என்றா, சீச்சீ, அந்த அளவுக்கு நான் இறங்கவில்லை. எனக்கு அவளைப் பிடிக்காது, அவ்வளவுதான், பிடிக்காததற்கு அவள் ஒரு காரணம்கூடக் கொடுத்ததில்லை, அதனாலேயே இன்னும் பிடிக்காது. பத்தாவதோடு நின்றவள், நகத்தில் கரிசல் மண் போகாதவள், கல்யாண வீட்டுக்கு வந்தால் பந்தியில் உட்கார மாட்டாள், நேரே அடுப்பங்கரைக்குப் போய் நின்றுகொள்வாள், பெரியவ மாதிரி உண்டா என்று எல்லோரும் உருகுவார்கள், நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது குற்றம் மாதிரி ஆகிவிடும். தீவுக்கு வந்தாலும் அதைத்தான் செய்வாள், அத்தைக்குக் காலைப் பிடித்துவிடுவாள், ரூம்காரன் போட்ட படுக்கையை மடித்து வைப்பாள், நோட்டுப் போட்டது நான், மூன்று வாரம் மாரிராஜோடு மல்லுக்கட்டியது நான், பேர் அவளுக்குப் போகும். சும்மா இருந்தே பேர் வாங்குகிற ஆளை என்னால் தாங்க முடியாது. பாலத்துக்கு இந்தப் பக்கம் ரோட்டோரம் மக்காச்சோளம் காய்ந்து நிற்கிறது, லாரிக்காரன் ஒருவன் ஹாரன் அடித்தே என்னை மண்ணுக்கு இறக்கிவிட்டான், போகட்டும்… இன்னொன்றும் இருக்கிறது, அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கோயில் கொடைத் திருவிழாவுக்கு எல்லோரும் கூடியிருந்தபோது ப்ரியா போனில் ஏதோ படம் காட்டினாள், அடியில் கண்ணாடி வைத்த படகு, கீழே மீன் கூட்டம். ராமலட்சுமி அக்கா அந்த போனைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை. இப்படியும் ஒரு படகா, தண்ணிக்குள்ள எறங்காமலே பாத்திரலாமா, இதுக்கு ஒருக்கா போணும்ட்டி என்றாள். அந்தமான் என்ற பேச்சை எங்கள் குடும்பத்தில் முதலில் எடுத்தது அவள். என் நோட்டில் முதல் பக்கத்தில் திட்டம் வனிதா என்று எழுதியிருக்கிறேன்.

அவள் வீட்டுக்குப் பின்னாலேயே உளுந்தங்காடு, பாதி பிடுங்கிக் குவித்துக் கிடந்தது, என் சத்தம் கேட்டு அங்கிருந்து வந்தாள், வா வனிதா, என்ன இந்த வெயில்ல என்று கையைக் கழுவிக்கொண்டே. கார்டு நம்பர் வேணும்க்கா என்றேன், போன் போட்டா நானே வாசிச்சிருப்பேம்லா என்றாள். பெட்டி தரையில் இல்லை. செத்துப்போன தங்கப்பாண்டி அத்தானின் நாற்காலியில், கிழக்கே பார்த்து, மேலே துவைத்த துண்டு ஒன்று போர்த்தி இருந்தது. தரையில வச்சா எறும்பு ஏறும், நல்ல காரியமா போற பெட்டி என்றாள். ஒரு பெட்டிக்கு இவ்வளவு மரியாதை, எனக்கு எரிச்சலாக வந்தது, எரிச்சல் வந்ததில் கொஞ்சம் தைரியமும் வந்தது, பூட்டைத் திறந்து மஞ்சள் முடிச்சை அவிழ்த்து ஏழு கார்டையும் தரையில் பரப்பி, போனில் இல்லாத ஐந்தையும் ஒவ்வொன்றாகப் படம் எடுத்து மாரிராஜுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன், மணி மூன்று பத்து. அவள் தூணைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றாள்.

“வியாழக்கிழம அத்தையும் இப்படித்தான் ஒண்ணொண்ணா எண்ணி வச்சாவ” என்றாள். “ஏழு. எங்க போறீங்க, யார் யார் போறீங்கன்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரியும்.”

மணிராஜ் கார்டுதான் கண் முன்னால் இருந்தது, அந்த அசட்டு முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், நிமிரவில்லை.

“கொழுந்தன் கேட்டாரு. ஏன் மதினி வரமாட்டேன்னுட்டீங்க, வனிதா அவ்வளவு கூப்பிட்டாளாமேன்னு. நான் என்ன சொல்ல… ஆமா, உளுந்து எடுக்க நேரம், போட்டுட்டு எப்படி வரன்னு சொன்னேன். எப்ப வந்து கேட்டான்னு அத்தை ஒரு கேள்வி போட்டாவ. செவ்வாக்கிழம சாயந்தரம் வந்தா, காப்பி குடிச்சிட்டுப் போனான்னுட்டேன்.” முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். “நீயும் செவ்வாக்கிழமன்னே சொல்லு. மாத்திச் சொல்லிராத.”

“சரிக்கா” என்றேன். வேறு என்ன வரும் என் வாயில்.

அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தேன், கோபம் இருக்கும் என்று தேடினேன், கோபம் இருந்தால் எனக்கு வசதி, நானும் நாலு வார்த்தை பேசுவேன், பதினெட்டு வருஷம் வகுப்பறையில் பேசியவள், எந்தச் சண்டையிலும் நான் தோற்றதில்லை. ஒன்றும் இல்லை. அழுதிருந்தால்கூடக் காலில் விழுந்திருப்பேனோ என்னவோ. அவள் கார்டுகளைப் பொறுக்கி அடுக்கி, மஞ்சள் துணியில் முடிந்து, பெட்டிக்குள் வைத்து, துண்டை எடுத்துத் திரும்பப் போர்த்தினாள், ராத்திரி எத்தனை மணிக்கு எடுக்க வருவீங்க, வாசல் லைட்டைப் போட்டு வைக்கேன் என்றாள். அந்தக் கண்ணாடிப் படகு உண்டும்லா என்று கேட்டாள். உண்டுக்கா, புதன்கிழமை காலையில. நல்லாப் பாத்துட்டு வா என்றாள், சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

ஸ்கூட்டி டயரில் கரிசல் மண் அப்பி ரோட்டுக்கு ஏறவே திணறியது, மாரிராஜ் கூப்பிட்டான், ஏழும் வந்திருச்சு மேடம், கப்பல் கன்பார்ம், வண்டியில மட்டும் ஒரு எடம் காலியாத்தான் இருக்கு, லக்கேஜ் வச்சிக்கிடலாம் என்றான். சரி என்றேன். என்னைக் காப்பாற்றிவிட்டாள், அதில் சந்தேகமில்லை, இவருக்குத் தெரியாது, அத்தைக்குத் தெரியாது, ப்ரியாவுக்கு எப்போதும் தெரியப்போவதில்லை, நான் நிம்மதியாகக் கடலைப் பார்க்கலாம். என் மானம் போகக் கூடாது என்று பாவப்பட்டுச் சொன்னாளா, இவளும் நம்ம வீட்டுப் பிள்ளைதானே என்று? இல்லை, நான் அந்தப் பிள்ளைகளின் நோட்டில் போடுவேனே, அந்த டிக்கா, திருத்திக்கூடப் பார்க்காமல், இதற்கு மேல் இதற்குச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று… அந்தப் பிள்ளைகள் அந்த டிக்கைப் பார்த்துச் சந்தோஷமாகத்தான் வீட்டுக்குப் போகும். வாசலில் அத்தை நிற்கிறார், பெரியவ என்னட்டி சொன்னா என்று தெருவிலேயே கேட்கிறார், செவ்வாய்க்கிழமை சாயங்காலம், காப்பி, உளுந்து… காப்பியில் சீனி போட்டிருந்தாளா என்று கேட்டால் என்ன சொல்வது?