புதுமைக்காரியின் இருமல்

இக்னேசியஸ் சணல் கயிற்றின் ஒரு முனையை மனைவி ஜோசப்பினின் உச்சந்தலையில் வைத்துப் பிடித்திருந்தான். மறுமுனையைக் குதிகாலில் பிடித்திருந்த தச்சன் மூக்கன் கயிற்றில் முடிச்சுப் போட்டான்.

"ஒரு சாண் கூட விட்டே செஞ்சிர்றேன் மாமா. பெட்டி இறுக்கமா இருக்கக் கூடாது."

"செய்யி" என்றான் இக்னேசியஸ்.

ஜோசப்பின் நேற்றுக் காலை மலைநீர் விழும் பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனவள், குடத்தை நீருக்கு நேரே வைத்துவிட்டு அப்படியே சரிந்துவிட்டாள். டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. டிஸ்பென்சர் ஐயா மாரடைப்பு என்றார். குடம் இன்னும் பீலியடியிலேயே நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. எடுத்துவர யாருக்கும் தோன்றவில்லை.

மூக்கன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வெளியே போனபோது தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குக் கீழே ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. இக்னேசியஸுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. ஜோசப்பினைப் பரிசோதிப்பதற்குக் கொழும்பிலிருந்து டொக்டர் ஒருவரைப் பங்குச் சாமியார் அழைத்து வருவதாகச் சொல்லியிருந்த நாள் இதுதான். நேற்றிருந்த நிலையில் சாமியாருக்குச் செய்தி சொல்லி அனுப்ப யாருக்கும் புத்தி வரவில்லை.

சாமியார் கையில் ஒரு பிஸ்கட் டின்னோடு இறங்கினார். வாசலில் கூட்டத்தைப் பார்த்தார். உள்ளே வெள்ளைத் துணியைப் பார்த்தார். "ஜோசப்பினுக்குன்னு வாங்கிட்டு வந்தேன்" என்று யாரிடமென்றில்லாமல் சொல்லிவிட்டு, டின்னை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். சுவர் ஒட்டிய பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் வீரம்மா அதை வாங்கி உள்ளே கொண்டுபோனாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதாம் வருட மழைக்காலத்தில் ஜோசப்பின் இரத்தமாகக் கக்கினாள். சயரோகம், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்த் தங்க வேண்டும் என்றார்கள். அவள் மாட்டேன் என்று வீட்டிலேயே கிடந்தாள். இரத்தத் துணிகளை இக்னேசியஸ்தான் விடியுமுன்னே தோட்டத்து ஓடையில் துவைப்பான். சவர்க்காரம் போட்டாலும் சாம்பல் போட்டாலும் அந்தப் பழுப்புக் கறை போகாது. ஊசிமருந்து ஒன்றும் ஏற்றவில்லை. கோயில் வளவில் அடக்கமாகியிருந்த, பெரிய சாமி என்று எல்லோரும் சொல்லும் பழைய வெள்ளைக்காரச் சாமியாரின் கல்லறை மண்ணைத் தண்ணீரில் கலந்து கொடுத்தார்கள். ஊரே கூடிச் செபம் சொன்னது. மார்கழியில் நத்தார்ப் பண்டிகைக்கு அவள் எழுந்து உட்கார்ந்தாள். பாஸ்காத் திருநாளுக்குள் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போனாள். மறுபடி எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது முதற் படத்தில் நுரையீரலில் இருந்த ஓட்டை இரண்டாவது படத்தில் இல்லை.

அன்றிலிருந்து அவள் புதுமைக்காரி, பெரிய சாமியின் அற்புதத்தால் பிழைத்தவள். ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டிப்பொலையிலிருந்துகூட ரயிலேறி வருவார்கள். அவள் சோறு தின்பதையும் வேடிக்கை பார்ப்பார்கள். புதுமைக்காரிக்குப் புருஷனாக இருப்பது லேசான உத்தியோகமில்லை. வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி ஊற்றியே சீனி தீர்ந்துபோகும். ஒருமுறை செபமாலைக்கு நடுவே சாம்பிராணிப் புகை ஏறி ஜோசப்பின் இருமினாள். செபம் நின்றுவிட்டது. எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. கோயில் மூப்பர் மரியரட்ணம் பயந்துபோய்ச் சிலுவை போட்டுக்கொண்டார். அதன்பின் அவள் யார் முன்னாலும் இருமியதேயில்லை.

டொக்டர் இளவயதுக்காரர். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, ஜோசப்பினின் கால்மாட்டில் கொஞ்ச நேரம் தலைகுனிந்து நின்றார். பிறகு சாமியாரோடு மெதுவாக ஏதோ பேசினார். சாமியாரின் முகம் மாறியது.

"இக்னேசியஸ், கொஞ்சம் வெளியில வாங்க."

லயத்தின் பின்னால் கோடிப்புறம் போனார்கள். மூப்பரும் கூடவே வந்தார். டொக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார்:

"ரெண்டு படமும் எங்கிட்ட இருக்கு. ஆனா படம் மட்டும் போதாது. நோய் தானா ஆறியிருந்தா உள்ளே தழும்பு இருக்கும். சின்னத் தழும்பு படத்தில தெரியாமலும் போகும். நுரையீரலையே பார்த்தா நிச்சயமாத் தெரிஞ்சிடும்."

"பாக்கிறதுன்னா?"

"டிஸ்பென்சரியில வச்சு நெஞ்சைத் திறந்து பார்க்கணும். ஒரு மணித்தியாலம் போதும். ஒழுங்காத் தைச்சுக் கொடுத்திடுவேன். உங்க சம்மதம் இல்லாமத் தொட மாட்டேன்."

"தழும்பு இல்லாட்டி?"

"இல்லாட்டி, அதுக்கு வைத்தியத்தில விளக்கம் இல்ல. அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுவேன்."

மூப்பர் இக்னேசியஸின் தோளைப் பிடித்தார். "ரோமாபுரிக்குப் போற காரியம்டா இது. நம்ம பெரிய சாமிக்குப் புனிதர் பட்டம் கெடைக்கும். ஒம் பொஞ்சாதி செத்தும் சாட்சி சொல்லுவா."

இக்னேசியஸ் பயந்தான். அறுப்பதை நினைத்து மட்டுமல்ல. போன மாதம் ஓர் அந்தியில், கோழிக்கூட்டுக்குப் பின்னால் அவள் குனிந்து நின்று வாயில் துணியை அடைத்துக்கொண்டு இருமுவதை அவன் கண்டிருந்தான். நோய் திரும்பிவிட்டது என்றே நினைத்தான். அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம். இப்போது திறந்தால் அந்த ஓட்டை இருக்கும். இவ்வளவு காலமாக அவள் காலைத் தொட்டுக் கும்பிட்ட சனம், நாளைக்கு அவளைப் பொய்க்காரி என்று சொல்லும்.

"முடியாதுங்க சாமி."

"ஏண்டா?" என்றார் மூப்பர்.

"அறுக்க விட மாட்டேன்."

சாமியார் அவனை வற்புறுத்தவில்லை. "பெட்டி மூடுற வரைக்கும் நேரமிருக்கு. யோசிச்சுப் பாருங்க" என்றார். டொக்டர் ஜீப்பில் போய் உட்கார்ந்துகொண்டார். ஆனால் அதற்குள் வாசலில் குசுகுசுப்பு தொடங்கிவிட்டது. எதுக்கு ஒளிக்கிறான், உள்ளே என்ன இருக்குதோ என்று ஒரு குரல் கேட்டது. இக்னேசியஸ் கேளாதவன்போல் உள்ளே போனான்.

பெண்கள் ஜோசப்பினைக் குளிப்பாட்டிக் கல்யாணச் சேலையை உடுத்தியிருந்தார்கள். மகள் மார்கிரட் தாயின் தலையை மடியில் வைத்துச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். உயிருள்ளவளுக்கு வலிக்காமல் எடுப்பதுபோல நுனியிலிருந்து மெல்ல எடுத்தாள். வீரம்மா கையில் மடித்த துணிகளோடு இக்னேசியஸிடம் வந்தாள்.

"அண்ணே, இது அக்காவோட துணி. எங்க வூட்டுக் கொடியில காஞ்சிக்கிட்டு இருந்திச்சு."

"ஒங்க வீட்டுல எப்படி?"

வீரம்மா குரலைத் தாழ்த்தினாள். "இரும வர்றப்ப கொண்டார்ற துணிண்ணே. அடுப்புப் பொகையில யாருக்குத்தான் இருமல் இல்ல? நான் வாசல்ல நின்னுக்கிட்டு லயமே கேக்கிற மாதிரி இருமுறேன். அக்காவால முடியுமா? ஒருக்கா இருமுனா ஒம்பது பேரு ஓடி வந்து மூஞ்சியப் பாப்பாங்க. அதனால எங்க வூட்டுக்குள்ள வந்து, கதவச் சாத்திக்கிட்டு, நல்லா இருமிட்டுப் போகும். நான் இல்லாத நேரம் வெளிய எங்கயாச்சும் போயி நிக்கும். 'நீ பொட்டு வச்சுச் சாமி கும்புடுறவ, ஒனக்கு நான் வெறும் ஜோசப்பின்தாண்டி'ன்னு சொல்லிச் சிரிக்கும்."

இக்னேசியஸ் துணிகளை வாங்கி வெளிச்சத்துக்குக் கொண்டுபோனான். ஒவ்வொன்றாக விரித்தான். மூலைகளைப் பிரித்துப் பார்த்தான். தையலோரம் நகத்தால் சுரண்டிப் பார்த்தான். பழந்துணிதான். நைந்து, வெளுத்து, சவர்க்கார வாசத்தோடு இருந்தது. எங்கேயும் பழுப்பில்லை. அந்தக் கறை எப்படியிருக்கும் என்று அவனைவிட அறிந்தவர்கள் தோட்டத்தில் இல்லை.

ஒரு மாதமாக அவளுக்கு முன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டே நடந்திருக்கிறான். பெற்ற மகளுக்குச் சொல்லாமல், கட்டிய புருஷனுக்குச் சொல்லாமல், சுவருக்கு அந்தப்பக்கம் போய் இருமிவிட்டு வந்திருக்கிறாள். அவனும் அந்த ஒன்பது பேரில் ஒருவன்தான் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். அது தப்பில்லை என்பதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

மூக்கனும் இன்னொருவனும் பெட்டியைத் தூக்கி வந்து திண்ணிய கட்டையொன்றின் மேல் வைத்தார்கள். சாமியார் எழுந்து வந்தார். டொக்டரும் ஜீப்பிலிருந்து இறங்கிப் பார்த்துக்கொண்டு நின்றார். இப்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும். குசுகுசுத்த வாய்கள் எல்லாம் அடைபடும். தழும்பில்லாத நுரையீரலைப் பார்த்து டொக்டர் கையெழுத்துப் போடுவார். பெரிய சாமிக்குப் பட்டம், இவன் மனைவிக்குப் பெயர். இக்னேசியஸ் ஜோசப்பினைப் பார்த்தான். மார்கிரட் வகிடெடுத்துச் சீவிவிட்டிருந்தாள்.

"என்ன முடிவு பண்ணுனீங்க?" என்றார் சாமியார்.

"வேணாங்க சாமி."

"பயப்படுறீங்களா இக்னேசியஸ்?"

"காலையில பயந்தேங்க. இப்ப பயமில்ல."

"அப்புறம் ஏன்?"

"இத்தன வருசமா எல்லாருமா அவளப் பாத்துக்கிட்டே இருந்தோம் சாமி. போதும்."

சாமியார் அவன் கையிலிருந்த துணிகளைப் பார்த்தார். டொக்டரைத் திரும்பிப் பார்த்துத் தலையை அசைத்தார். மூப்பர் மட்டும் தலையில் அடித்துக்கொண்டு அப்பால் போனார்.

மூக்கன் ஆணி அடிக்குமுன் இக்னேசியஸ் துணிகளில் ஒன்றை மட்டும் மடியில் செருகிக்கொண்டு, மற்றவற்றை அவள் கைக்கடியில் வைத்தான்.

தேயிலைக்கு நடுவே கல்லறைக்குப் போகும் வழி வழுக்கியது. மிஷன் சேலை கட்டிய கிறிஸ்தவப் பெண்களும் பொட்டு வைத்த பெண்களும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பெட்டி இறங்கியதும் சாமியார் செபத்தைத் தொடங்கினார். மூப்பர் கோபத்தைக் காட்டாமல் சாம்பிராணிக் கலசத்தை வீசினார். காற்று மாறி, புகை இக்னேசியஸின் முகத்தில் அடித்தது.

அவனுக்கு இருமல் வந்தது. அடக்கவில்லை. மடியிலிருந்த துணியை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு, நெஞ்சு குலுங்க, கண்ணில் நீர் வழிய, வெகுநேரம் இருமினான்.

செபம் நிற்கவில்லை. ஒரு தலைகூடத் திரும்பவில்லை.