தோளிற் கிடந்த சால்வை

காவலில் நின்ற ஆமிக்காரன் துவக்குக் குழல் முனையால் என் தோளைச் சுட்டினான். சால்வையைக் கழற்றட்டாம் என்று, கச்சேரிக் கந்தோரிலிருந்து மொழிபெயர்க்கக் கொண்டுவந்திருந்த செபநாயகம் சொன்னார்.

எண்பத்தேழு வைகாசி. வடமராட்சிக்குள் ஆமி இறங்கி, உடுப்பிட்டியில் அகப்பட்ட இளந்தாரிகளையெல்லாம் பள்ளிக்கூடத்தில் அடைத்து வைத்திருந்தது. என் மகன் தேவராசாவும் உள்ளே. பின்னேரம் லொறியில் ஏற்றித் துறைமுகத்துக்கு. அங்கிருந்து கப்பலில் தெற்கே காலி முகாமுக்கு. அதற்குமுன் தகப்பன்மார் ஒருமுறை பார்க்கலாம் என்று அறிவித்திருந்தார்கள்.

"அவன் ரியூசன் குடுக்கிறவன். ஒரு இயக்கத்திலையும் இல்லை. விசாரிக்கச் சொல்லுங்கோ," என்றேன்.

"முந்தியிருந்த மேஜர் எண்டா விசாரிப்பார், ஐயா. குற்றம் செய்தவனைப் பிடிச்சுக் கோட்டுக்கு அனுப்போணும் எண்டு நிண்ட ஆள். இப்ப கொழும்பிலை வேறை கதை. ஊரே பயங்கரவாதியாம், இளந்தாரி எண்டா ஏத்து எண்டு ஓடர். உங்கடை சால்வைக்குள்ளையும் குண்டு இருக்குமாம்."

எங்கள் வீட்டு ஆண்கள் சாமிக்கு முன்னால் மட்டுமே சால்வையை இடுப்புக்கு இறக்குவார்கள். மற்றவர்கள்தான் எங்களைக் கண்டு இறக்கினார்கள்; ஊர் வழக்கம் அது. நான் அசையவில்லை.

வரிசையில் எனக்குப் பின்னால் கந்தப்பு, எங்கள் பனைகளில் கள்ளுச் சீவியவன். அவனுடைய மகனும் உள்ளே.

"கழட்டுங்கோ நயினார். நாங்கள் உங்களுக்கு முன்னாலை எத்தினை தரம் கழட்டினனாங்கள். தோள் ஒண்டும் தேயேல்லை."

யாரோ சிரித்தார்கள்.

"நீ போ," என்றேன்.

தன் தோளில் கிடந்த துவாயை உதறிக் காட்டிவிட்டுப் போனான். வரிசை முழுவதும் என்னைத் தாண்டி உள்ளே போயிற்று. என் அப்புவும் பாட்டனும் காத்த பெயரோடு நிற்கிறேன், தேவராசாவுக்கு அது விளங்கும் என்று எண்ணிக்கொண்டேன். வெயிலில் வாசலில் நான் மட்டும். செபநாயகம்கூட வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

கந்தப்பு வெளியே வந்தான்.

"தேவராசாத் தம்பியைக் கண்டன். மேலிலை சேட்டில்லை. என்ரை பெடியன்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு குந்தியிருக்கு."

"என்னைக் கேட்டவனோ?"

"அப்பு வந்தவரோ எண்டு கேட்டுது. வாசலிலை நிக்கிறார் எண்டன். பிறகு ஒண்டும் கேக்கேல்லை."

பின்னேரம் லொறிகள் வெளியே வந்தன. எல்லோருடைய கண்களையும் அவரவர் சேட்டாலேயே கட்டியிருந்தார்கள். வெறும் மேலும் கட்டிய தலைகளுமாக நெருங்கி நின்றவர்களில் என் மகன் யாரென்று தெரியவில்லை.

"தேவராசா!" என்று கூப்பிட்டேன்.

லொறியிலிருந்த எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின.